பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடுகள் டி செல்களைப் பற்றி உண்மையில் என்ன சொல்லித் தந்தன?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நுண்ணுயிரியல் மாணவர். நோய் எதிர்ப்பை நடத்தும் வெள்ளணு வகையான டி செல்களைப் பற்றிய அறிவில் பெரும்பங்கு, பிறவியிலேயே நோய் எதிர்ப்புக் குறைபாடுள்ள குழந்தைகளிடமிருந்து வந்தது என்று வகுப்பில் சொன்னார்கள். பாடப்புத்தகத்தைத் திறந்தாலோ பக்கத்துக்குப் பக்கம் எலிச் சோதனை. எலியில் ஒரு மரபணுவை நீக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயத்துக்கு, அரிதிலும் அரிதான ஒரு நோயை எதற்குப் படிக்க வேண்டும் என்பதுதான் உங்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம். நான் மருத்துவர் இல்லை. குழந்தைகளின் ரத்த மாதிரியில் வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணும் ஆய்வகத்தில் பல வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். அதனால் சிகிச்சை பற்றி என் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம். செல்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை மட்டும் கொஞ்சம் விளக்க முடியும்.

என் பதில் இதுதான்: எலியும் குழந்தையும் ஒரே விடையைச் சொன்ன இடங்களில் நாம் உறுதிப்படுத்திக்கொண்டோம். வேறு வேறு விடை சொன்ன இடங்களில்தான் புதிதாகக் கற்றுக்கொண்டோம். அப்படி வேறுபட்ட இடங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். எலி சுத்தமான கூண்டில், நாம் கொடுக்கும் கிருமியை மட்டும் சந்திக்கிறது. குழந்தையோ பிறந்த நாள் முதல் எல்லாக் கிருமிகளையும் சந்திக்கிறது. ஒரு பாகம் மனிதனுக்கு எதற்குத் தேவை என்பதற்குக் குழந்தையைவிட நேரடியான சாட்சி கிடையாது.

நன்றாக நிறுவப்பட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்து, கிருமி நுழையாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஏறக்குறைய 12 வருடம் வாழ்ந்து, 1984-ல் இறந்துபோன சிறுவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவனுக்கு இருந்தது எக்ஸ் குரோமோசோம் வழியாக ஆண் குழந்தைகளுக்கு வரும் கடும் கூட்டு நோய் எதிர்ப்புக் குறைபாடு. ஆய்வகத்தில் ‘ஸ்கிட்’ என்று சொல்வோம். இந்த வகையில் டி செல் இருக்காது, என்கே செல் எனப்படும் இயற்கைக் கொல்லி செல்லும் இருக்காது. ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதத்தைச் செய்ய வேண்டிய பி செல் மட்டும் இருக்கும், ஆனால் அது உருப்படியாகச் செய்யாது. 1993-ல் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இன்டர்லூக்கின்-2 என்ற செய்திப் புரதத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் காமா சங்கிலி என்று ஒரு துண்டு உண்டு. அதற்கான மரபணு அது.

இங்கேதான் கணக்கு இடித்தது. இன்டர்லூக்கின்-2 தான் டி செல்லை வளர்ப்பது என்பது தட்டில் செல் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்தப் புரதமே இல்லாத எலியை 1991-லேயே உருவாக்கியிருந்தார்கள். அந்த எலிக்கு டி செல்கள் உருவாவதில் குறையே இல்லை. புரதமே இல்லாத எலிக்கு டி செல் உண்டு, அதை வாங்கும் ஏற்பியில் ஒரு துண்டு மட்டும் இல்லாத குழந்தைக்கு டி செல் கிடையாது என்றால், அந்தத் துண்டு வேறு எதற்கோ பயன்பட வேண்டும். தேடிப் பார்த்தபோது அது இன்டர்லூக்கின் 4, 7, 9, 15, 21 ஆகியவற்றின் ஏற்பிகளுக்கும் பொதுவான துண்டு என்று தெரிந்தது. இன்று அதன் பெயரே ‘பொது காமா சங்கிலி’. அப்புறம் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காமா சங்கிலிக்கு உட்புறம் ஒட்டிக்கொண்டு செய்தியைக் கடத்தும் நொதி ஜாக்3. சங்கிலி உடைந்தால் வரும் அதே நோய், இந்த நொதி உடைந்தாலும் வர வேண்டும் என்று கணித்தார்கள். 1995-ல் அப்படியே ஜாக்3 இல்லாத குழந்தைகள் கண்டறியப்பட்டார்கள். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இல்லை, அதனால் பெண் குழந்தைகளுக்கும் வந்தது. 1998-ல் இன்டர்லூக்கின்-7 ஏற்பி மட்டும் உடைந்த குழந்தைகள் விவரிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு டி செல் இல்லை, என்கே செல் இருக்கிறது, பி செல்லும் இருக்கிறது. ஆக, மனிதனின் டி செல் பிறக்க வேண்டுமானால் தேவை இன்டர்லூக்கின்-7. என்கே செல்லுக்குத் தேவை 15. பி செல் பிறக்க ஏழு தேவையில்லை. இந்தக் கடைசி விஷயத்தில் எலி நேர் எதிர்: அதற்கு ஏழு இல்லாவிட்டால் பி செல்லும் சரியாக உருவாகாது. எலியை மட்டும் பார்த்திருந்தால் இதைத் தப்பாகவே படித்துக்கொண்டிருப்போம். ஜாக் நொதிகளை அடக்கும் மாத்திரைகள் பிறந்ததும் இந்த வழியில்தான். 2012-ல் முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபாசிடினிப் அதற்கு உதாரணம்.

அடுத்தது, டி செல் இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்கிற நிலை. இது என் மேசைக்கே நேராக வரும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டி செல்லின் வேலையைச் சோதிக்க, செல்களுக்குள் ஒரு ஒளிரும் சாயத்தை ஏற்றி, அவற்றின் மேல்பரப்பில் உள்ள ஏற்பியை ஆன்டிபாடியால் தூண்டுவோம். செல் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் சாயம் பாதியாகும். நான்கு நாள் கழித்துப் பார்த்தால், எத்தனை தலைமுறை பெருகியிருக்கிறது என்று படிக்கட்டு போலத் தெரியும். படிக்கட்டு விழவில்லை என்றால் அடுத்த சோதனை: பிஎம்ஏ, அயனோமைசின் என்ற இரண்டு ரசாயனங்களைச் சேர்த்து, மேல் ஏற்பியை விட்டுவிட்டு செல்லுக்கு உள்ளே நேரடியாகத் தூண்டுவது. வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் டெஸ்டரை ஒவ்வொரு இடமாக வைத்து, மின்சாரம் எதுவரை வருகிறது என்று பார்ப்பாரே, அதே வேலைதான்.

சாப்-70 என்ற நொதி இல்லாத குழந்தைகளை 1994-ல் விவரித்தார்கள். அவர்கள் ரத்தத்தில் சிடி8 வகை, அதாவது தொற்றிய செல்லைக் கொல்லும் டி செல் கிட்டத்தட்ட இல்லை. மற்ற செல்களுக்கு உதவும் சிடி4 வகை எண்ணிக்கையில் குறைவில்லாமல் இருக்கிறது, ஆனால் மேல் ஏற்பியைத் தூண்டினால் அசைவே இல்லை. பிஎம்ஏவும் அயனோமைசினும் சேர்த்தால் அதே செல்கள் பெருகுகின்றன. அதாவது உடைசல் ஏற்பிக்கு மிக அருகில் இருக்கிறது, அதற்குக் கீழே எல்லாம் சரி. டி செல் ஏற்பியில் எதிரி ஒட்டினால் முதலில் நடப்பது என்ன என்பதற்கு இந்தக் குழந்தைகள் நேரடிச் சான்று. ஆனால் சாப்-70 இல்லாத எலிக்கு சிடி4, சிடி8 இரண்டுமே இல்லை. குழந்தைக்கு மட்டும் சிடி4 எப்படி உருவானது? டி செல்கள் வளரும் தைமஸ் சுரப்பிக்குள் இருக்கும்போது மனித செல்களில் சிக் என்ற உறவுக்கார நொதி கூடுதலாக இருக்கிறது, அது ஓரளவு ஈடுகட்டுகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். நல்ல விளக்கம்தான். ஆனால் நோய் பற்றிய தகவல் அளவுக்கு அது அசைக்க முடியாதது என்று நான் சொல்ல மாட்டேன்.

இதற்கு மாறாக இன்னொரு வகைக் குழந்தைகள். செல் எண்ணிக்கை சரி, மேலே தூண்டினாலும் அசைவில்லை, உள்ளே தூண்டினாலும் அசைவில்லை. அவர்களின் டி செல்லுக்குள் கால்சியம் நுழையவில்லை. டி செல் விழித்துக்கொள்ளக் கால்சியம் வெளியிலிருந்து ஓடிவர வேண்டும் என்று பல வருடங்களாகத் தெரியும். எந்த வாசல் வழியாக என்பது மட்டும் பிடிபடவில்லை. 2006-ல் இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் மரபணுக்களை ஆராய்ந்தும், பழ ஈயின் செல்களில் ஒவ்வொரு மரபணுவாக அடக்கிப் பார்த்தும் அந்த வாசலைக் கண்டுபிடித்தார்கள். ஓராய்1 என்று பெயர். ஒரு மூலக்கூறைத் தேடியவர்களுக்கு நோயாளிக் குழந்தைகளின் செல்களே திசை காட்டின. அந்தக் குழந்தைகளுக்குத் தசை தளர்வும் பல் எனாமல் குறையும் சேர்ந்தே இருந்தன. தசையும் பல்லும் அதே வாசலை நம்பியிருக்கின்றன என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கிட் குழந்தையின் ரத்தத்தில் சில நேரம் டி செல்கள் கணிசமாகத் தெரியும். அவை தாயுடையவை. கர்ப்பத்தில் தாயின் செல்கள் சில குழந்தைக்குள் போவது எல்லோருக்கும் நடக்கிறது. குழந்தையின் டி செல்கள் அவற்றைப் பெரும்பாலும் அப்புறப்படுத்திவிடும். அப்புறப்படுத்த ஆளில்லாத உடம்பில் அவை தங்கிப் பெருகுகின்றன. இதைப் பிரித்தறிய, இன்னும் எதிரியைச் சந்திக்காத ‘புது’ டி செல்லின் அடையாளங்களைப் பார்ப்போம். பச்சிளங்குழந்தையின் டி செல்லில் பெரும்பகுதி புதுசாக இருக்க வேண்டும். எல்லாமே பழகிய செல்லாக இருந்தால் எச்சரிக்கை மணி அடிக்கிறது என்று அர்த்தம்.

சரி, உதவி செய்யும் டி செல்லுக்கு வருவோம். சிடி4 செல் பி செல்லுக்கு உதவுகிறது என்று புத்தகத்தில் ஒரு வரியில் படிக்கிறோம். அந்த உதவி எந்தக் கை வழியாகப் போகிறது என்று 1993-ல் ஒரு நோய் காட்டியது. சில ஆண் குழந்தைகளுக்கு ரத்தத்தில் முதலில் உருவாகும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடி சரியான அளவிலோ கூடுதலாகவோ இருக்கும், பின்னால் வரும் ஐஜிஜி, ஐஜிஏ வகைகள் மிகக் குறைவு. பி செல்தான் பழுது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் பி செல்லில் குறையே இல்லை. டி செல் தன் மேல்பரப்பில் நீட்ட வேண்டிய சிடி40 லிகண்ட் என்ற புரதம் உடைந்திருந்தது. அது பி செல்லின் சிடி40-ஐத் தொட்டால்தான் பி செல் ஐஜிஎம்மிலிருந்து ஐஜிஜிக்கு மாறும். இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறு: இந்தக் குழந்தைகளுக்கு எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வருவது போலவே நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் நுரையீரல் தொற்று வருகிறது, சிடி4 எண்ணிக்கை சரியாக இருந்தும்கூட. ஆன்டிபாடி குறைவால் மட்டும் அந்தத் தொற்று பொதுவாக வராது. டி செல்லின் அதே கை, விழுங்கும் செல்களையும் தொட்டு எழுப்புகிறது என்பதை அந்தத் தொற்றே காட்டிக்கொடுத்தது.

நம் பாடங்களை ஆட்டிப் பார்த்த இரண்டு நோய்களைச் சொல்லியாக வேண்டும். சிடி8 செல் வைரஸ் தொற்றிய செல்லைக் கொல்கிறது. அதற்கு வைரஸின் துணுக்கை, செல்லின் மேல்பரப்பில் இருக்கும் முதல் வகை எச்எல்ஏ மூலக்கூறில் ஏற்றிக் காட்ட வேண்டும். ஏற்றும் பம்புக்கு டாப் என்று பெயர். இந்தப் பம்பு இல்லாத மனிதர்கள் இருக்கிறார்கள். வைரஸ் தொற்றால் துவண்டுபோவார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். ஆனால் அவர்களுக்கு வந்தது திரும்பத் திரும்ப பாக்டீரியாவால் வரும் சைனஸ், நுரையீரல் தொற்றும், ஆறாத தோல் புண்களும். கடும் வைரஸ் நோய் அவர்களிடம் அரிது. இரண்டாவது சிடி28. டி செல் விழிக்க ஏற்பியின் தூண்டல் மட்டும் போதாது, சிடி28 வழியாக இரண்டாவது சமிக்ஞையும் வேண்டும் என்று நாம் எல்லோரும் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். 2021-ல் சிடி28 பரம்பரையாக இல்லாத மனிதர்களை விவரித்தார்கள். அவர்களுக்கு முக்கியமாக இருந்த தொல்லை மனித பாப்பிலோமா வைரஸால் வரும் மருக்கள். ஒருவருக்குத் தோல் மரப்பட்டை போல ஆகிவிட்டது, மிகக் கொடுமையான நிலை. ஆனாலும் மற்றக் கிருமிகளைப் பெரும்பாலும் தாங்கிப் பெரியவர்களாக வளர்ந்திருந்தார்கள். இரண்டாவது சமிக்ஞை என்ற கருத்து பொய்யாகிவிடவில்லை, அவர்களின் செல்கள் சோதனையில் மந்தமாகத்தான் இருந்தன. மனித உடம்பில் மாற்று வழிகள் நாம் நினைத்ததைவிட அதிகம் என்பதுதான் இதிலிருந்து தெரிவது.

இதுவரை சொன்னதெல்லாம் டி செல் போதாமல் போனதால் வந்த நோய்கள். டி செல்லை யார் நிறுத்துகிறார்கள் என்பதைச் சொல்லும் நோய்களும் இதே குடும்பத்தில் இருக்கின்றன. பிறந்து சில வாரங்களிலேயே, சில சமயம் பிறக்கும்போதே, சர்க்கரை நோயும் நீராகப் போகும் பேதியும் தோல் அழற்சியும் வரும் ஆண் குழந்தைகள் உண்டு. 2001-ல் காரணம் தெரிந்தது: ஃபாக்ஸ்பி3 மரபணு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1940-களில் தானாகவே தோன்றிய, தோல் செதிலாக உதிரும் ஒரு எலி வகையில் அதே மரபணு உடைந்திருப்பதை மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் கண்டுபிடித்திருந்தார்கள். மற்ற டி செல்களை அடக்கும் தனி வகை டி செல் உண்டு என்று ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-லேயே காட்டியிருந்தார், பலர் நம்பவில்லை. அந்த அடக்கும் செல்லை உருவாக்குவதே ஃபாக்ஸ்பி3 தான் என்று 2003-ல் தெரிந்ததும் வாதம் முடிந்தது. மூவருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. இந்த விஷயத்தில் எலியும் குழந்தையும் ஒத்துப்போயின. ஆனால் ஒரு செல் வகை இல்லாமல் போனால் சில வாரங்களில் கணையம் அழியும் என்பதைக் காட்டியவை அந்தக் குழந்தைகள்தான்.

கொல்லும் செல்லின் ஆயுதமான பெர்ஃபோரின் இல்லாத குழந்தைகள் இன்னும் ஆழமான பாடம். 1999-ல் கண்டறிந்தது. ஆயுதம் இல்லை என்றால் எதிர்ப்பு பலவீனமாக இருக்க வேண்டும் அல்லவா? நடப்பது தலைகீழ். விடாத காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், ரத்த அணுக்கள் சரிவு. டி செல்கள் வெறிபிடித்தது போலப் பெருகுகின்றன. காரணம், சிடி8 செல் தன் இலக்கைக் கொன்றால்தான் தூண்டுதல் நிற்கும். கொல்ல முடியாதபோது அது இலக்கைப் பற்றிக்கொண்டே இன்டர்ஃபெரான்-காமா என்ற செய்திப் புரதத்தைக் கொட்டுகிறது, அது விழுங்கும் செல்களைக் கிளறிவிடுகிறது. கொல்வதே ஓய்வதற்கான வழி என்பதை இந்தக் குழந்தைகள் காட்டினார்கள். அந்த இன்டர்ஃபெரானைத் தடுக்கும் எமபலுமாப் என்ற மருந்து 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எங்கே எச்சரிக்கை தேவை என்பதையும் சொல்கிறேன். ஏர் என்ற மரபணு உடைந்தால் தைமஸ் சுரப்பி, இன்சுலின் போன்ற உடம்பின் சொந்தப் புரதங்களை வளரும் டி செல்லுக்குக் காட்டாமல் விட்டுவிடுகிறது. சொந்த உறுப்பைத் தாக்கும் செல்கள் தப்பி வெளியே வருகின்றன. பின்லாந்தில் அதிகம் காணப்படும் இந்த நோயின் மரபணு 1997-ல் தெரிந்தது. இதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த நோயாளிகளுக்கு வாயில் கேண்டிடா பூஞ்சை ஏன் விடாமல் வருகிறது? பூஞ்சையைத் தடுக்க உதவும் இன்டர்லூக்கின்-17-ஐத் தாக்கும் ஆன்டிபாடிகள் அவர்களிடம் இருப்பதால் என்று 2010-லிருந்து சொல்லிவந்தோம். 2021-ல் வந்த ஒரு ஆய்வு, டி செல்கள் அளவுக்கு மீறிச் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா வாயின் உட்தோலைச் சிதைப்பதுதான் காரணம் என்று சான்றோடு வாதிட்டது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இதைத் தீர்ந்த விஷயமாக எழுதாதீர்கள். பொதுவாகவே ஒன்றிரண்டு குடும்பங்களை வைத்துச் சொல்லப்படும் முடிவுகளைத் தற்காலிகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் வருபவர்கள் நோயுற்றவர்கள் மட்டுமே. அதே மரபணு மாற்றத்தோடு நலமாக இருப்பவர்கள் நம் கணக்கில் வருவதில்லை. டி செல்லை அடக்கும் சிடிஎல்ஏ4 என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு பிரதி உடைந்த குடும்பங்களில் ஒருவர் கடுமையாக நோயுற்றிருக்க, அதே மாற்றமுள்ள இன்னொருவர் ஆரோக்கியமாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பிறவியிலிருந்தே ஒன்று இல்லாமல் இருப்பதும், வளர்ந்தவரிடம் மருந்தால் அதைத் தடுப்பதும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் ஊருக்கு இதில் என்ன தொடர்பு என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு தொடர்புகள் உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில், பெற்றோர் இருவரிடமிருந்தும் உடைந்த பிரதி வந்தால் மட்டுமே தோன்றும் வகைகள் கூடுதலாகத் தெரிகின்றன. சாப்-70, ஓராய்1, பெர்ஃபோரின் எல்லாம் அந்த வகை. இன்னொன்று பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி. இங்கே பிறந்த உடனேயே இடது கையில் போடுகிறோம், காசநோய் இவ்வளவு உள்ள நாட்டில் அது தேவையும்கூட. அதில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைந்த பாக்டீரியா. சாதாரணக் குழந்தையின் டி செல் அதைக் கையில் ஒரு தழும்போடு அடக்கிவிடுகிறது. சில குழந்தைகளுக்கு அக்குளில் நெறி கட்டும், அது பெரும்பாலும் தானே அடங்கும். டி செல் இல்லாத குழந்தைக்கோ, இன்டர்ஃபெரான்-காமாவின் ஏற்பி உடைந்த குழந்தைக்கோ அது உடம்பெங்கும் பரவுகிறது. ஸ்கிட் குழந்தையைப் பிறந்தவுடன் கண்டுபிடிக்கக் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் போதும். டி செல் ஏற்பி உருவாகும்போது வெட்டி எறியப்படும் டிஎன்ஏ வளையங்களை அதில் எண்ணுவார்கள். வளையம் இல்லை என்றால் புது டி செல் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008-ல் தொடங்கி, 2018-க்குள் அந்த நாடு முழுக்கப் பரவியது. அப்படிப் பார்த்தபோதுதான் அங்கே ஏறக்குறைய 58,000 குழந்தைகளில் ஒன்றுக்கு ஸ்கிட் இருப்பது தெரிந்தது. அதற்கு முன் நினைத்ததைவிட இது அதிகம், பலர் பெயர் தெரியாத தொற்றிலேயே இறந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பரிசோதனை எட்டாத இடத்தில்கூட, சாதாரண ரத்தப் பரிசோதனையில் லிம்ஃபோசைட் (டி, பி, என்கே செல்கள் சேர்ந்த வகை) எண்ணிக்கை இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் 1,500 என்றால் பரவாயில்லை. மூன்று மாதக் குழந்தைக்கு 3,000-க்குக் கீழே போனாலே திரும்பப் பார்க்க வேண்டும். அறிக்கையில் பெரியவர்களின் அளவை அச்சடித்திருந்தால் 1,500 சரியான எண்ணாகத் தெரிந்து யார் கண்ணிலும் படாது. படிப்பு முடித்து நீங்கள் ஒரு ஆய்வகத்தில் உட்காரும்போது, அறிக்கையில் கையெழுத்திடுவதற்கு முன் குழந்தையின் வயதை ஒரு தடவை பாருங்கள்.